கண்ணை மூடிக்கொண்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மாவுடன் இருக்கிறேன். மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. விடிகாலையில் எழுந்து செயலியைப் போட்டுத் தியானம், மூச்சுப் பயிற்சி, நன்றிக் குறிப்பு, காதில் இயர்போனுடன் கடற்கரைச் சாலையில் நடை எல்லாம் செய்கிறேன். நடுவில் அம்மா எதையாவது கேட்டுக் குலைத்துவிடுகிறார். மாலையில் அவர் மீதே எரிந்து விழுகிறேன். எந்தப் பயிற்சியை எப்போது செய்வது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேரமும் வரிசையும் உங்கள் வசதி. மூச்சுப் பயிற்சியை மட்டும் விட வேண்டாம். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். அது உடம்பின் கணக்கு. நன்றிக் குறிப்பு, சரி, எழுதுங்கள்.

ஆனால் உடன் இருக்கிறார் என்பதைத் தவிர, உங்கள் கடிதத்தில் அம்மா இரண்டு இடத்தில்தான் வருகிறார். ஒன்றில் இடைஞ்சல், இன்னொன்றில் திட்டு வாங்குகிறவர். இத்தனை பயிற்சியில் இன்னொரு ஆளுக்கு இடமுள்ள பயிற்சி ஒன்றாவது இருக்கிறதா? எல்லாமே கண்ணை மூடி, காதை அடைத்து. காதை அடைத்துக்கொண்டு நடக்கக் கடற்கரை எதற்கு, மொட்டைமாடி போதாதா?

கொஞ்ச நாளாகவே பண்ருட்டிப் பக்கம் இருந்த என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது அவருடைய முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். ஊரில் கரண்ட் வரவே நாளாயிற்று. நான் பார்க்கப் போனபோது நாலைந்து பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து கூலிக்கு முந்திரிப் பருப்பில் தோலுரித்துக்கொண்டிருந்தார். செம்பழுப்புத் தோலை நகத்தால் நெம்பி, பருப்பு உடையாமல் உருவ வேண்டும். உடைந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி அதிகாரிகளை வைவாள், நடுவில் எதற்கோ எல்லோரும் சிரிப்பார்கள். கை மட்டும் நிற்காது. "இந்த நேரத்திலும் கூலி வேலையா?" என்றேன். "சும்மா உக்காந்தா மரம் கண்ணு முன்னாடி விழுந்துகிட்டே இருக்குடா" என்றார்.

அவரிடம் மனதைப் பார்க்கும் பயிற்சி எதுவும் இல்லை. கைக்கு ஒரு வேலை, பக்கத்தில் ஒரு ஆள், இவ்வளவுதான். உங்களுக்கோ வேலையும் தனி, அமைதியும் தனி, கோபம் மட்டும் அம்மாவுக்கு.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் இதெல்லாம் போதாது. ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கூச்சப்படாதீர்கள்.

அப்படி இல்லையென்றால், இன்று மாலை கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அம்மா கீரை ஆயும்போது எதிரே உட்கார்ந்து பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். இளந்தண்டையெல்லாம் தூக்கி எறிகிறாயே என்று திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு வேண்டியதுதான்.