ஆனி மகத்தில் வீட்டில் திருவாசக முற்றோதல் வைத்து மாணிக்கவாசகர் குருபூசை செய்வது எப்படி?

மட்டக்களப்பில் 12 பேர் கொண்ட ஒரு சிறிய குழு, முதன்முறையாக வீட்டில் முற்றோதல், அதாவது திருவாசகம் முழுவதையும் ஓதுவது, வைக்கப் போகிறோம், என்னென்ன தேவை, எவ்வளவு நேரம் எடுக்கும், சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். 12 பேர் தாராளம். நல்ல ஓதல் நடப்பதற்கு வீடு நிறைய ஆள் வேண்டியதில்லை. புத்தகத்தை விட்டுக் கண் எடுக்காத பத்துப் பேர் போதும்.

முதலில் நாள். குருபூசை நாள் சம்பந்தருக்கு வைகாசி மூலம், அப்பருக்குச் சித்திரைச் சதயம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, மணிவாசகருக்கு ஆனி மகம். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் சில மணித்தியாலம் முன்பின்னாக வரும். சில ஆண்டில் மகம் இரண்டு நாளில் பட்டு நிற்கும். அதற்காகக் குழுவுக்குள் வாதாட வேண்டாம். உங்கள் ஊர்க் கோயிலில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறார்களோ, அதில் குருபூசை என்று அச்சிட்டிருக்கும் நாளையே எடுங்கள். வேலை நாளில் வந்தால், அன்று விளக்கேற்றிச் சிவபுராணம் மட்டும் ஓதிவிட்டு, முற்றோதலை அடுத்து வரும் ஞாயிறிலோ போயா (பௌர்ணமி) விடுமுறையிலோ வைக்கலாம். குருபூசை நாளை வெறுமனே விடுவதுதான் கூடாது. பிறப்பு, இறப்புத் துடக்குள்ள வீடென்றால் அந்த ஆண்டு இடத்தை மாற்றுங்கள். கோயில் மண்டபமோ அறநெறிப் பாடசாலைக் கட்டடமோ கேட்டால் தருவார்கள்.

வீட்டில் முதல்நாளே மச்சம் மாமிசம் நிறுத்தி, அடுப்படி கழுவி, சைவத்துக்கென்று தனிச் சட்டி பானை எடுத்து வையுங்கள். கோயிலில் இரவல் வாங்கினால் இன்னும் நல்லது.

ஓதும் இடத்தில் கிழக்கு நோக்கி ஒரு மேசை, வெள்ளைத் துணி, மேலே நடராசர் படம், அதற்குக் கீழே மாணிக்கவாசக அடிகளின் படம். வலக்கையில் சின்முத்திரையும் இடக்கையில் ஏடுமாக இருக்கும் படம் எல்லாக் கடையிலும் உண்டு. படத்துக்கு முன்னால் ஒரு மணைப்பலகையில் திருவாசகப் புத்தகம் ஒன்றை வைத்துப் பூச்சாத்த வேண்டும். அன்று பூசை கொள்வது அந்த நூலும்தான்.

வீட்டுக்கு நிறைகுடம் போதும். மந்திரத்தால் இறைவனை எழுந்தருளச் செய்யும் (ஆவாகனம்) கும்பம் குருக்களின் வேலை. அதைப் பார்த்துப் போலச்செய்வது வேண்டாம். தலைவாழையிலையில் ஒரு கொத்து நெல் அல்லது பச்சையரிசி பரப்பி, குடத்தை வைத்து, கழுத்து வரை தண்ணீர் விடுங்கள். மாவிலை ஐந்து அல்லது ஏழு. பெரும்பாலான வீடுகளில் குடம் அரைவாசிதான் நிறைந்திருக்கும். இலைக்காம்பு தண்ணீரைத் தொடாது. மேற்கிலிருந்து வீசும் ஆனி மாதக் கச்சான் காற்றில் பத்து மணிக்கே மாவிலை சுருண்டுவிடும். காம்பு ஒரு விரற்கடை தண்ணீருக்குள் நின்றால் பின்னேரம் வரை பச்சையாக இருக்கும். தேங்காய் குடத்தின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக, குடுமியோடு இருக்க வேண்டும். சிறிய தேங்காய் உள்ளே இறங்கிச் சாய்ந்துவிடும்.

கச்சானைப் பற்றிச் சொன்னதால் விளக்கையும் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்க யன்னலுக்கு நேரே குத்துவிளக்கு வைத்தால் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேசையின் உட்பக்கத்தில் வைத்து, திரியை இரட்டையாகத் திரித்துப் போடுங்கள். மின்விசிறியை விளக்குக்கு நேரே திருப்பாமல், ஓதுபவர்களின் முதுகுப் பக்கமாக விடுங்கள். விளக்குப் பார்க்க ஓதாத ஒருவரை நியமித்து, அரைப் போத்தல் தேங்காயெண்ணெயை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சாம்பிராணி தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும். நடுவில் போட்டால் புகை தொண்டையைப் பிடித்து, குரல் உள்ளவர்தான் முதலில் இருமுவார்.

இனி ஓதல். குருபூசையின் உயிர் இதுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

திருவாசகம் 51 பகுதி. நிதானமாக ஓதினால் எட்டு மணித்தியாலம், இடைவேளையோடு ஒன்பதரை. காலை 6 மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் மூன்றரை, நான்கு ஆகும். கவனிக்க வேண்டியது, இந்த நேரம் 51 பகுதிக்கும் சமமாகப் பிரியாது. சிவபுராணம் 95 அடி, கீர்த்தித் திருவகவல் 146, திருவண்டப்பகுதி 182, போற்றித் திருவகவல் 225. இந்த நான்குக்குமே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். பிறகு திருச்சதகம் 100 பாட்டு, நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டு. ஒன்பது மணியாகும்போது ஆறு பகுதிதான் முடிந்திருக்கும். இதை முன்கூட்டித் தெரியாத குழு அங்கேதான் கலங்குகிறது. இன்னும் 45 இருக்கிறதே என்று ஓட்டம் பிடிக்கிறார்கள். உண்மையில் நூலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போது முடிந்திருக்கும். பின்னால் வருபவற்றில் பெரும்பாலானவை பத்துப் பாட்டுப் பதிகங்கள். இதைத் தொடங்குமுன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கட்டும். வீட்டில் கிடந்ததை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தால் பக்க எண் ஒத்துவராது, சொல் பிரித்திருக்கும் விதமும் வேறாக இருக்கும். ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் நிறுத்தமாட்டார். பெரிய எழுத்துப் பதிப்பாக இருந்தால் வயதானவர்கள் கடைசி வரை கூட வருவார்கள். புத்தகத்தைப் பன்பாயில் வைக்காமல் ஒரு சிறு பலகையிலோ மடியிலோ வைத்து ஓத வேண்டும். கீழே இருக்க முடியாதவர்களுக்குக் கதிரை போடுவதில் குறையொன்றுமில்லை.

முன்னோதுபவர் மூவர் இருக்கட்டும். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருவர் மாறினால் குரல் நிற்கும். ஒலிவாங்கி ஒன்று போதும், அது முன்னோதுபவருக்கு. தெருவுக்கு ஒலிபெருக்கி கட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஓதுபவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுத்தான் சேர முடியும். குழாயிலிருந்து திரும்பி வரும் சத்தம் அதைக் கெடுக்கிறது. தேவாரத்துக்குப் போலத் திருவாசகத்துக்குப் பண் வகுத்திருக்கவில்லை. ஓதுவார்கள் வழக்கமாக மோகன ராகத்தில் ஓதுவார்கள். அது தெரியாவிட்டால் ஒரே சுருதியில் சொல் தெளிவாக வாசித்தாலே போதும். ழகரத்தில் மட்டும் கவனம் வையுங்கள். சிவபுராணத்தின் முதல் அடிகளில் வாழ்க, வாழ்க என்று வருவது கூட்டமாக ஓதும்போது வாள்க ஆகிவிடும். அங்கே ஒருமுறை திருத்திவிட்டால் நாள் முழுக்கத் திருந்தியிருக்கும்.

பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்கி, சிவபுராணத்தை எல்லோரும் சேர்ந்து ஓதுங்கள். அகவல்களில் ஒரு பக்கத்தார் இரண்டு அடி, மறுபக்கத்தார் இரண்டு அடி என்று மாற்றிக்கொண்டால் மூச்சு வாங்கலாம். போற்றித் திருவகவலின் பிற்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட போற்றி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப் போடுங்கள். நந்தியாவட்டை, அலரி, கொன்றை, வில்வம் எது கிடைத்தாலும் சரி. தாழம்பூ மட்டும் வேண்டாம். பூவை உதிரியாகக் கிள்ளி, இரண்டு தட்டில் முதலிலேயே பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் பூ தேடி ஒருவர் எழுந்து போவார், அடி தவறும். போற்றி வரத் தொடங்கியதும் வேகம் தானாகக் கூடும். முன்னோதுபவர் இழுத்துப் பிடிக்க வேண்டிய இடம் அது.

திருச்சதகம் பத்துப் பத்தாகவே பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பத்தையும் இருவர் இருவராக எடுத்தால் எல்லோருக்கும் வாய்ப்பு வரும். நீத்தல் விண்ணப்பம் முடிந்ததும் இருபது நிமிடம் இடைவேளை. இஞ்சித் தேத்தண்ணி, கடலை, வாழைப்பழம். குளிர்ந்த தண்ணீர் குடிக்கவிடாதீர்கள், குரல் கட்டும்.

அடுத்த பத்துப் பகுதியையும், திருவெம்பாவை முதல் திருப்பொன்னூசல் வரை, பிள்ளைகளிடம் கொடுங்கள். எல்லாம் பெண்பிள்ளைகள் கூடிப் பாடுவதும் ஆடுவதுமாக அமைந்தவை. மார்கழியில் விடியற்காலையில் கேட்டுப் பழகியதால் திருவெம்பாவை நம் பிள்ளைகளுக்குப் பாதி மனப்பாடம். திருச்சாழலை இரண்டு அணியாகப் பிரித்து ஓதினால்தான் அதன் சுவை தெரியும். பாட்டின் முற்பாதி கேள்வி, பிற்பாதி விடை. வெண்ணீறு பூசுகிறான், பாம்பு அணிகிறான், இதென்ன கோலம் என்று ஒரு பக்கம் கேட்க, எவ்வுயிர்க்கும் இயல்பான ஈசன் அவன், சாழலோ என்று மறுபக்கம் சொல்லும். தில்லையில் மணிவாசகர் புத்தரோடு நடத்திய வாதத்தில் ஈழத்து அரசனின் ஊமை மகள் வாய்திறந்து விடை சொன்னதாக வாதவூரடிகள் புராணம் கூறும். அந்த விடைகளே திருச்சாழல் என்பது மரபு. ஓதுமுன் இந்த வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். ஈழத்துப் பிள்ளை பேசிய பாட்டு என்று தெரிந்தால் நம் பிள்ளைகள் குரல் எழும்பும் விதமே வேறு. திருவுந்தியாரில் உந்தீ பற என்பதையும், தெள்ளேணத்தில் கொட்டாமோ என்பதையும் எல்லோரும் சேர்ந்து எடுக்க, மற்ற அடிகளை ஒருவரே ஓதலாம்.

பன்னிரண்டு மணியோடு இது முடியும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சோறு சமைத்தாயிற்று, ஆறிவிடும் என்று பந்தி வைத்துவிடுவார்கள். சாப்பிட்டபின் வெயிலும் உறக்கமும் சேர்ந்து, அடைக்கலப் பத்து, குழைத்த பத்து, பிடித்த பத்து, யாத்திரைப் பத்து எல்லாம் வாய்க்குள் முணுமுணுப்பாகப் போய்விடும். நூலிலேயே நெஞ்சை உருக்கும் இடங்கள் அவை. ஆகவே நடுப்பகலில் பால், பழம், அவல் என்று இலேசாகக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தனியாகச் சமைத்து, ஒரு அறையில் சோறு கொடுத்துவிடலாம். பந்தி ஓதி முடிந்த பிறகுதான். அடியாரை அமுது செய்விக்கும் மகேசுர பூசை குருபூசையின் முடிவில் வருவதே முறை. பந்திச் சமையலை ஒரு மணிக்குப் பிறகு தொடங்கினால் சோறு சூடாகவே இருக்கும்.

பந்திக்கு உறவினர், அயலவர் எல்லோருமாக 50 பேர் என்றால் 8 கிலோ அரிசி போதும். பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய், ஒரு கீரை, அப்பளம், பாயாசம். நைவேத்தியத்துக்குச் சர்க்கரைப் பொங்கல்: பச்சையரிசி 2 கிலோ, வறுத்த பயறு அரைக் கிலோ, சர்க்கரை ஒன்றே முக்கால் கிலோ, தேங்காய் 6. இரண்டாம், மூன்றாம் பாலில் அரிசியும் பயறும் குழைய வெந்த பிறகுதான் சர்க்கரை போட வேண்டும். முந்திப் போட்டால் அரிசி வெடுக்கென்று நின்றுவிடும், பிறகு எவ்வளவு எரித்தாலும் வேகாது. தலைப்பால் கடைசியில்.

51ஆவது அச்சோப் பதிகத்தை எல்லோரும் எழுந்து நின்று ஓதி, தீபம் காட்டி, பஞ்சபுராணம் (தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஐந்திலும் ஒவ்வொரு பாட்டு) பாடி, வான்முகில் வழாது பெய்க என்ற வாழ்த்தோடு நிறைவு செய்யுங்கள். பிறகு திருநீறு, பிறகு பந்தி.

இவ்வளவுக்கும் ஆளில்லாத வீடுகளும் உண்டு. இருவர், மூவர் என்றால் ஒரே நாளில் முழுவதையும் ஓதி முடிக்க முயல வேண்டாம். நாளுக்கு ஒரு பகுதி, திருச்சதகத்துக்கு மட்டும் நாளுக்கு ஒரு பத்தாகப் பத்து நாள் என்று வைத்தால் 60 நாளில் நூல் முடியும். ஆனி மகத்தன்று அச்சோப் பதிகம் வர வேண்டுமென்றால் அதற்கு 59 நாள் முன்பு, சித்திரை மாதத்தில், சிவபுராணம் தொடங்க வேண்டும். சிறிய பதிகத்துக்கு ஆறேழு நிமிடம்தான். அகவல் நாட்களிலும் நீத்தல் விண்ணப்ப நாளிலும் அரை மணித்தியாலம் வரை ஒதுக்குங்கள். இடையில் ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் இரண்டாக ஓதலாம்.