மகனுக்குப் பதினெட்டு ஆகும்போது: ஆட்டிசமும் பாதுகாவலர் சட்டமும்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. வரும் தை மாதத்தோடு பதினெட்டு வயது முடிகிறது. எங்கள் காலத்துக்குப் பிறகும் அவனுக்குப் பாதுகாப்பு கிடைக்க அரசு சட்டம் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பாதுகாவலர் சான்று வாங்கினால் போதுமா? வீட்டை மகள் பெயரில் எழுதி, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடலாம் என்கிறார் என் கணவர்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நீங்கள் கேள்விப்பட்டது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. பெற்றோர் இறந்தபின் பாதுகாப்பு என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அதன்வழி உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது பாதுகாவலர் நியமனம் மட்டுமே. பணத்துக்கும் தங்குமிடத்துக்கும் தனித்தனியே ஏற்பாடு வேண்டும். சான்றை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பதினெட்டு நிறைந்ததும், பெற்றோர் என்ற முறையில் அவனுக்காகக் கையெழுத்திடும் உரிமை உங்களுக்கு இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, உள்ளூர் அளவிலான குழுவுக்கு 'ஏ' படிவத்தில் விண்ணப்பியுங்கள். ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் கொண்ட குழு அது. உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் எதற்கெல்லாம் பாதுகாவலர் வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள். பாதுகாவலர் தேவைதானா, எந்தக் காரியங்களுக்கு என்று பார்ப்பது அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி குழுவின் கடமை. வங்கிக் கணக்கு, சொத்து, சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகியவற்றுக்குத் தேவையென்றால் அவற்றுக்கு மட்டும் கேளுங்கள். என்ன உடுத்துவது, யாரோடு இருப்பது என்பதில் பேசாத பிள்ளைக்கும் விருப்பம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் அவரோடு கலந்தே முடிவெடுக்கச் சொல்கிறது.

நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தரவேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். உயிலில் ஒருவர் பெயரை எழுதிவிட்டால் அவர் பாதுகாவலர் ஆகிவிடுவார் என்பதும் தவறு. உயில் மூலம் நியமிப்பது பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கே செல்லும். உங்களுக்குப் பிறகு யாராவது குழுவிடம் புதிதாக விண்ணப்பித்தாக வேண்டும். அது யார் என்பதை அவரிடமே இப்போது பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டை மகள் பெயரில் எழுதாதீர்கள். இது மகளின் பாசத்தைச் சந்தேகிப்பது அல்ல. எழுதிக் கொடுத்தபின் அது அவள் சொத்து. அவள் கடன்பட்டால் கடன்காரர் கேட்கலாம், அவள் காலமானால் அவள் வாரிசுகளுக்குப் போகும். வாய்ச்சொல்லால் இதில் எதையும் தடுக்க முடியாது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி மகனுக்காக ஒரு தனியார் அறக்கட்டளை (டிரஸ்ட்) எழுதி, சிறு தொகையோடு தொடங்குங்கள். மற்றவை உயில் வழியாக அதற்கு வந்து சேரட்டும். அசையாச் சொத்தை இப்போதே சேர்ப்பதானால் பத்திரப் பதிவு கட்டாயம். மகள் பாதுகாவலர் ஆவதானால், அந்த அறக்கட்டளையை நிர்வகிக்கும் அறங்காவலர்களில் பெரும்பான்மையோர் வேறு ஆட்களாக இருக்கட்டும். பராமரிப்பவரும் பணத்தை வைத்திருப்பவரும் ஒருவரே என்றால் கேள்வி கேட்க ஆளிருக்காது.

கணவர் அரசு ஊழியர் என்றால், மகனுக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டா என்று விசாரித்து, விவரத்தை அலுவலகத்தில் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

தங்குமிடத்தில்தான் தேசிய அறக்கட்டளைச் சட்டம் கைவிடுகிறது. மத்திய அரசு ஒருமுறை தரும் 100 கோடி ரூபாயின் வருமானத்தில் நலப்பணி செய்வது என்பதே அதன் நிதி அமைப்பு. வாழ்நாள் இல்லத்துக்காக 'கரௌந்தா' திட்டம் இருக்கிறது, இடங்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டு ஆட்டிசம் சட்டம், வயதுவந்தோருக்கான செயல்திட்டத்தை அரசு வெளியிட்டே ஆகவேண்டும் என்றது. அப்படியொரு கட்டாயத்தை இங்கும் நாம் கேட்க வேண்டும். அதுவரை, நம்பும் இல்லங்களில் மகனைச் சில நாட்கள் தங்கவைத்துப் பழக்குங்கள். நீங்கள் இறந்த மறுநாள்தான் அவன் முதன்முறையாக வேறிடத்தில் தூங்க நேர்வது கொடுமை.

இதற்கெல்லாம் முன்னால், மாற்றுத்திறனாளிச் சான்றை எடுத்துத் தேதியைப் பாருங்கள். சிறுவயதில் தரும் சான்றுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். அது காலாவதியாகியிருந்தால் மேலே சொன்ன எந்த விண்ணப்பமும் நகராது.