மகனின் உள்ளங்கால் மச்சம் பெரிதாகிறதே, புற்றுநோயா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உள்ளங்காலில் புள்ளியாக இருந்த மச்சம் இரண்டு வருடத்தில் மிளகு அளவு ஆகிவிட்டது. தோல் புற்றுநோய் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. சுண்ணாம்பு வைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார் மாமியார். பயாப்சி என்று சதையை வெட்டி எடுத்துச் சோதித்தால் பரவிவிடுமா, டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தச் சுண்ணாம்பை உள்ளே எடுத்து வையுங்கள் அம்மா. மச்சம் வெந்து உதிர்ந்தாலும் அடியில் செல்கள் மிஞ்சும். அவை தழும்போடு சேர்ந்து மறுபடி வளரும்போது, சாதாரண மச்சம்கூட மைக்ரோஸ்கோப்பில் புற்று மாதிரி தெரியும். அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பதும் வேண்டாம்.

9 வயதில் கால் வளர்கிறது; மச்சமும் கூடவே மெதுவாக வளர்வது இயல்பு. மச்சம் போலத் தோன்றும் மெலனோமா என்ற புற்று இந்த வயதில் மிக அபூர்வம். நீங்கள் படித்தது பெரியவர்களுக்கான அடையாளங்களாக இருக்கும்: கோணல் வடிவம், பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் அளவு. சிறு பிள்ளைகளிடம் இவை பல நேரம் பொருந்தாது. அவர்களுக்கு வரும் மெலனோமா கறுப்பாகவே இல்லாமல், ஒரே சீரான இளஞ்சிவப்பில், மச்சமே இல்லாத இடத்தில் புதிதாக எழும்பும் முடிச்சாக இருக்கலாம். மரு என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். சில வாரங்களில் வேகமாக வளர்ந்து, லேசாகப் பட்டாலே ரத்தம் கசியும் முடிச்சுதான் எனக்குக் கவலை தரும். அதிலும் பெரும்பாலானவை சாதாரண ரத்தக்குழாய்க் கட்டிகளாகவே இருக்கும். ஆனாலும் சோதிக்காமல் விடக்கூடாது.

உங்கள் மகனுக்குத் தோல் மருத்துவரிடம் டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குள்ள லென்ஸ்) வைத்துப் பார்த்தால் போதும். வலி இல்லை, ஊசி இல்லை. உள்ளங்காலில் கைரேகை போல மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கும். நல்ல மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளங்களின் வழியே மெல்லிய கோடாக ஓடும். மேடுகளின் மேல் பட்டையாகப் படர்ந்தால்தான் சந்தேகம்.

பயாப்சியால் புற்று பரவாது. சந்தேகம் இருந்தால், மச்சத்தில் ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி எடுக்காமல், சுற்றிலும் சுமார் 2 மி.மீ. நல்ல தோலோடு முழுசாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதே நல்லது. பிள்ளைகளுக்கு வரும் ‘ஸ்பிட்ஸ்’ என்ற தீங்கற்ற மச்சம் மைக்ரோஸ்கோப்பில் மெலனோமாவை அப்படியே ஒத்திருக்கும், அனுபவசாலிகளே திணறுவார்கள். அதனால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் (சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடி) பிளாக்கையும் (மெழுகில் பதித்த மீதிச் சதை) கேட்டு வாங்கி, தோல் சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்லும் தோல் நோய்க்கூறியல் நிபுணரிடம் இன்னொரு முறை காட்டுங்கள்.

இன்னொன்று. உங்களுடையது சொந்தத்தில் நடந்த கல்யாணமா? மகனுக்கு 2 வயதுக்குள்ளேயே முகத்தில் பொரிப்பொரியாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தனவா, வெயிலில் கண் கூசித் திறக்க முடியாமல் இருந்ததா? இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயில், வெயிலால் கெட்ட டிஎன்ஏவை உடலால் சரியாகப் பழுதுபார்க்க முடியாது. 10 வயதுக்குள்ளேயே தோல் புற்று வரலாம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல்.

இப்போதே மச்சத்தின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்துக்குள் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் ரத்தம் கசிந்தாலோ, முடிச்சாக எழும்பினாலோ அந்த வாரமே போய்விடுங்கள்.