மலையில் தீ ஏன் பற்றுகிறது? கேள்வி பதில்

(மலைக்காடுகளில் தீத்தடுப்பு வேலை பார்த்த ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.)

மேலூர்: மூங்கில் உரசித்தானே காடு எரிகிறது?

சிறுமலை, அழகர்மலை, நாகமலை எதுவானாலும் நம் பக்கம் தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் பற்றுகிறது. பீடித் துண்டு, அணைக்காத அடுப்பு, தேனெடுக்க மூட்டிய புகை, அடிவாரத் தோட்டத்தில் எரித்த குப்பை. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து புல் காய்ந்திருக்கும். ஒரு பொறி போதும். அந்த மாதங்களில் தீப்பெட்டியோடு மலையேறாதீர்கள்.

திருமங்கலம்: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களால் ஏன் தப்ப முடியவில்லை?

கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் அவர்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சுவாலை சாய்ந்து மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் காற்றும் மேலேதான் வீசும். கீழே தீ தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்த தரைக்கோ போங்கள்.

வாடிப்பட்டி: மூங்கில்...

முதல் பதிலைப் படியுங்கள்.

பேரையூர்: கொழுந்துப் புல்லுக்காக மாடு மேய்ப்பவர்கள்தானே தீ வைக்கிறார்கள்?

சிலர் வைக்கிறார்கள். எல்லோர் மீதும் பழி போடுவது அநியாயம்.

வருசநாடு: அண்ணே, எங்க மாடு மேஞ்ச இடத்துல எரியப் புல்லே இருக்காது. எங்களைத் தடுத்தா புல்லு ஆளுயரம் நிக்குது.

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2022-ல் உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. புகையை முதலில் பார்த்து, பச்சைக் குழையால் அடித்து அணைத்தவர்களும் மேய்ப்பவர்கள்தான்.

பேரையூர்: மரக்கன்றை மாடு தின்றால் காடு எப்படி வளரும்?

மேய்ச்சல் மிகுந்தால் வளராது. வருடாவருடம் எரிந்தாலும் வளராது. கன்று தலையெடுக்கும் பகுதியை மூடிவைத்து, மற்ற இடத்தில் அளவாக மேயவிட்டு, மேய்ப்பவர்களையே கோடைக்குத் தீக்காவலுக்குச் சம்பளத்தோடு அமர்த்தலாம் என்பதே என் கருத்து.

வருசநாடு: சம்பளம் வேண்டாம்ணே, வழி விட்டாப் போதும்.

உழைப்புக்குக் கூலி வாங்குங்கள் அய்யா.

மதுரை: தீக்காயத்துக்கு என்ன பூசலாம்?

மருத்துவரைக் கேளுங்கள்.

நத்தம்: காட்டுத்தீயைச் செயற்கைக்கோள் பார்க்கிறதே, நாம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். அது எடுக்கும் படத்தில் ஒரு புள்ளியே தரையில் 375 மீட்டர் அகலம். அது கடக்கும் நேரத்தில்தான் பார்க்கும். சின்னத் தீ தப்பிவிடும். புகை தெரிந்ததும் வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ சொல்லுங்கள். மலையின் எந்தப் பக்கம், அருகில் எந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.