ஐஸ் பெட்டி குளிரவில்லையா? வடிதுளையைப் பாருங்கள்

பாய்மரப் படகின் ஐஸ் பெட்டியில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் பெட்டி 10 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லையா? கம்ப்ரசரை மாற்ற வேண்டாம். முதலில் பெட்டியின் அடியிலுள்ள வடிதுளையை இறுக அடையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், பனிக்கட்டி உருகிய நீர் வெளியேறுவதற்காக வைத்த அந்தத் துளை வழியே அது படகின் அடித்தளத்துக்கு வழிந்துவிட, மேல்மூடியின் இடுக்கில் ஈரமான வெப்பக்காற்று உள்ளே புகுகிறது. பெட்டிக்குள் குளிரூட்டும் ஆவியாக்கித் தகட்டில் பனி விரைவாகத் தடிப்பது இதற்கு நல்ல அடையாளம்.

மூடிக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு தாள் துண்டை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தளர்ந்து வரும் இடத்தில் ரப்பர் பட்டையை மாற்றுங்கள்.

பெட்டியின் வெளிச்சுவர் வியர்த்தால், உள்ளிருக்கும் காப்பு நுரை நீர் கோத்திருக்கக்கூடும். அப்போது அடைப்பு மட்டும் போதாது, நுரையையே மாற்ற வேண்டும். இவற்றைச் சரிபார்க்காமல் கம்ப்ரசரில் குளிரூட்டும் கேஸ் ஏற்றாதீர்கள். கேஸின் அளவு சற்று மிகுந்தாலும் குளிர்ச்சி குறையும்.