மாட்டு ஏப்பத்தை அளக்க ஒரு படிப்பா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் அய்யா,

"பிளஸ் டூ முடிச்ச பொண்ணு, மாடு விடுற ஏப்பத்தை அளக்கணும்னு சொல்றா. இதை நம்பி எப்படிப் படிக்க வைக்கிறது?" என்று கேட்டீர்கள். கவலை நியாயமானதுதான். உங்கள் தொழுவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்கச் செய்யும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. தீவனத்தின் ஆற்றலில் ஏறக்குறைய 6 சதவீதம் இப்படி ஏப்பமாக வாய்வழியே போய்விடுகிறது. நீங்கள் காசு போட்டு வாங்கிய தீவனம் அது! அதே மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடும் எருமையும் 30 கோடிக்கு மேல். இதில் செய்ய வேண்டிய வேலை ஏராளம்.

மீத்தேனை எப்படி அளப்பது? மாட்டை மூடிய அறைக்குள் நிறுத்தி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் சோதிப்பது ஒரு முறை. மேயும் மாட்டுக்கு அது ஆகாது. அதனால் எஸ்.எஃப்.6 என்ற வாயுவைச் சீராகக் கசியவிடும் சிறு குழாயை இரைப்பைக்குள் செலுத்தி, மூக்கருகே காற்றைச் சேகரித்து, அந்த வாயுவோடு ஒப்பிட்டு மீத்தேனைக் கணக்கிடுவார்கள். குறைக்கும் வழிகளும் வந்துவிட்டன. பெங்களூரு ஆடுகோடியிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. மீத்தேனை அது 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 'பருவநிலை' என்று பெயர் சூட்டிய புதுப் பட்டப்படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். அடிப்படைப் பட்டம் முதலில், மீத்தேன் பிறகு. கால்நடை மருத்துவப் பட்டம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. தமிழக ஒதுக்கீட்டுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். பிறகு முதுகலையில் கால்நடை ஊட்டச்சத்தியல் எடுக்கட்டும். இடம் கிடைக்காவிட்டால் நுண்ணுயிரியல் அல்லது வேதியியல். வாயுவைப் பகுப்பாய்வு செய்யும் கருவிகளுக்கு அவர்களும் வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆய்வுத் திட்டங்களில் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். ஆனால் கால்நடை மருத்துவப் பட்டம் கையில் இருந்தால் அரசுப் பணி, பால் நிறுவனம், தீவன ஆலை எனப் பல கதவுகள் உண்டு.

தரவரிசைப் பட்டியல் வரும்வரை ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். உங்கள் மாடுகளுக்குத் தினமும் போடும் வைக்கோல், பசுந்தீவனம், அடர்தீவனம் எத்தனை கிலோ, கறந்த பால் எத்தனை லிட்டர் என்று அவளே நிறுத்து எழுதட்டும். ஒரு மாதம் கழித்து இருவரும் வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள்.