பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டின் வயதைச் சொல்ல முடியுமா? – கேள்வி பதில்

கால்நடைகளின் முதுமை, எபிஜெனெடிக்ஸ் இரண்டையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நாய், பூனை பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது இன்னொரு நாள்.

எபிஜெனெடிக்ஸ் என்றால் மரபணு மாற்றமா சார்? பயிரில் செய்கிறார்களே, அதுவா?

அது இல்லை. இதில் மரபணு மாறுவதே கிடையாது. ஒரு பசுவின் மடியிலும் ஈரலிலும் தோலிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான், ஆனால் மடிதான் பால் சுரக்கிறது. எந்த மரபணு எங்கே வேலை செய்ய வேண்டும், எங்கே சும்மா கிடக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பாடுகளில் ஒன்று, டி.என்.ஏ.வின் நான்கு வேதி எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்தக் குறி நிறைய இருந்தால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கியே இருக்கும். தீவனம், வெயில், நோய், வயது எல்லாமே இந்தக் குறிகளைக் கூட்டும், குறைக்கும். எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். இந்த ஏற்பாடுகளைப் பற்றிய படிப்புதான் எபிஜெனெடிக்ஸ்.

சந்தையில் பல் பார்த்துத்தான் மாடு வாங்குகிறோம். ரத்தத்தை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வயது ஆக ஆக டி.என்.ஏ.வில் சில இடங்களில் மெத்தில் கூடிக்கொண்டே போகும், வேறு சில இடங்களில் குறைந்துகொண்டே வரும். 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்பவர் மனித டி.என்.ஏ.வில் இப்படி 353 இடங்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றை மட்டும் பார்த்தே ஒருவரின் வயதைக் கணக்கிட முடியும் என்று காட்டினார். அதன் பிறகு ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்கு வந்துவிட்டது. 2023இல் 185 பாலூட்டி இனங்களுக்கும் பொருந்துகிற பொதுக் கணக்கே வெளியானது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக்காரர்கள் ரத்தம்கூட எடுக்கவில்லை, வால் முடியை வைத்தே மாட்டின் வயதைக் கணித்தார்கள். அங்கே வடபகுதியில் மாடுகள் பெரும் மேய்ச்சல் நிலத்தில் தானாகக் கன்று போட்டுத் திரிகின்றன, பிறந்த தேதியை யார் குறித்து வைப்பது?

நம் சந்தைக்கு இது தேவையா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பால் பல் விழுந்து முளைத்த பெரிய பல் இரண்டு என்றால் இரண்டு வயதை ஒட்டி, எட்டுப் பல்லும் சேர்ந்தால் நாலரை, ஐந்து. அதுவரை விரல் போதும். அதற்கு மேல்தான் சிக்கல். பல் தேய்ந்ததை வைத்து ஊகம்தான் செய்ய வேண்டும், கொம்பு வளையத்தை எண்ணலாம் என்றால் தரகர் முந்தின நாளே கொம்பைச் சீவி எண்ணெய் தடவி நிறுத்தியிருப்பார். அந்த இடத்தில் இந்தப் பரிசோதனை கைகொடுக்கும், ஆனால் ஆய்வகத்திலிருந்து முடிவு வருவதற்குள் மாடு வேறு ஊர் போய்விடும்.

பக்ரீத்துக்கு விற்கக் கிடா வளர்க்கிறேன். காயடித்தால் அதிக நாள் வாழுமா?

வாழும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுகளில் சோய் என்ற செம்மறியினம் இருக்கிறது. அங்கே காயடித்த கிடாக்கள் மற்ற கிடாக்களைவிட வெகுநாள் உயிரோடு இருந்தன. ஏன் என்பதற்கு ஒரு நல்ல துப்பு 2021இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வில் வந்தது. மெரினோ செம்மறிகளின் மெத்தில் வயதைப் பார்த்தபோது, காயடித்த கிடாக்கள் அதே வயதுள்ள முழுக் கிடாக்களைவிட ஏறத்தாழ 3 மாதம் இளமையாக இருந்தன, காயடித்து நாளாக ஆக அந்த வித்தியாசம் கூடியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், டி.என்.ஏ.வில் சில இடங்களில் கிடாவுக்கு மட்டும் வயதோடு மெத்தில் குறைந்துகொண்டே வருகிறது, பெட்டைக்கும் காயடித்ததற்கும் பெரிதாக மாறாமல் நிற்கிறது. ஆண் ஹார்மோனின் கைவேலை அது. ஆனால் தம்பி, நீங்கள் வளர்ப்பது பக்ரீத்துக்கு விற்க. ஒரு வருடத்தில் கைமாறப் போகிற கிடாவுக்கு நீண்ட ஆயுள் எதற்கு?

தாய் நாளுக்கு 15 லிட்டர் கறந்த ஜெர்சி கலப்பினம். அதன் கிடேரி முதல் ஈற்றில் 9 லிட்டரைத் தாண்டவில்லை. சினை ஊசி மோசமா?

ஊசியாக இருக்கலாம், தீவனமாக இருக்கலாம், முதல் ஈற்றில் யாருமே முழுசாகக் கறக்காது என்பதும் உண்டு. அதோடு இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: அந்தக் கிடேரி வயிற்றில் இருந்த கடைசி இரண்டு மாதம் எந்தப் பருவம்?

அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பல வருடமாக ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கோடையில், ஈனுவதற்கு முன் கறவை நிறுத்திய வற்றுக்காலத்தில் இருக்கும் சினை மாடுகளில் ஒரு கூட்டத்துக்கு நிழல் மட்டும், இன்னொரு கூட்டத்துக்கு நிழலோடு மின்விசிறியும் நீர்த் தெளிப்பும். கன்று பிறந்த பிறகு இரண்டு கூட்டத்துக் கன்றுகளையும் ஒரே மாதிரிதான் வளர்த்தார்கள். ஆனால் வெக்கையில் இருந்த தாயின் மகள் முதல் ஈற்றில் நாளுக்கு சுமார் 2 கிலோ பால் குறைவாகக் கொடுத்தாள், பண்ணையில் பயன் தரும் காலமும் ஐந்து மாதம்போலக் குறைந்தது. மடித் திசுவை எடுத்துப் பார்த்தால் பால் சுரக்கும் நுண்ணறைகள் சிறுத்திருந்தன, மடியிலும் ஈரலிலும் மெத்தில் குறிகள் வேறு மாதிரி இருந்தன. பேத்திக்கும் பால் குறைந்தது! இதில் மாயம் எதுவும் இல்லை, பெண் கன்று வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடும், அப்படியென்றால் ஏப்ரல் வெயிலில் கட்டியிருக்கும் ஒரு சினை மாட்டுக்குள் மூன்று தலைமுறையும் நிற்கிறது. எல்லாமே மெத்திலின் வேலை என்று சொல்ல மாட்டேன். வெக்கையில் நஞ்சுக்கொடி சரியாக வளராமல் கன்றே எடை குறைந்து பிறக்கும், அதற்கும் பங்கு உண்டு.

நம் பண்ணைகளில் நடப்பது நேர்மாறு. கறக்கிற மாட்டுக்கு மின்விசிறி, பருத்திக்கொட்டை, எல்லாம். வற்றிவிட்டால் வெளியே கட்டிவிட்டு வைக்கோலைப் போடுவது, பால் தராததற்குச் செலவு எதற்கு என்று. நான் சொல்வது, ஒரே ஒரு மின்விசிறிதான் இருக்கிறது என்றால் கடைசி இரண்டு மாதச் சினை மாட்டின் பக்கம் திருப்பி வையுங்கள். தகரக் கொட்டகைக்குள் அடைப்பதைவிட வேப்ப மர நிழல் மேல். நாலைந்து மாடு வைத்திருப்பவர்கள் ஊசி போடும் மாதத்தையும் பார்க்கலாம், ஆகஸ்ட் நடுவில் சினையானால் 280 நாள் கணக்கில் மே கடைசியில் ஈனும், அந்தக் கடைசி இரண்டு மாதம் முழுக்கக் கோடை வெயிலில் போகும்.

‘மரபணுவை இளமையாக்கும்’ பவுடர் என்று ஒருவர் விற்கிறார். மெத்தில் சத்து இருக்கிறதாம்.

வாங்காதீர்கள். மெத்தில் குறிக்கான சரக்கு மெத்தியோனின், கோலின், ஃபோலேட், பி12 என்ற சத்துகளிலிருந்து வருகிறது என்பது சரி. 2007இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், சினைக்கு முன்னும் சினையான முதல் சில நாட்களிலும் பி12, ஃபோலேட், மெத்தியோனின் குறைவாகக் கொடுத்த செம்மறிப் பெட்டைகளின் குட்டிகள், வளர்ந்த பிறகு கொழுத்து, ரத்த அழுத்தம் ஏறி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போயின, அதிலும் கிடாக்கள்தான் அதிகம். ஆனால் இது குறைந்தால் கெடும் என்பதற்குச் சான்று, அள்ளிப்போட்டால் கிழ மாடு கிடேரியாகும் என்பதற்கு அல்ல. தவிர, சும்மா கொடுக்கும் மெத்தியோனினும் கோலினும் முதல் வயிற்றிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். பி12ஐ அங்கிருக்கும் நுண்ணுயிர்களே செய்துகொள்ளும், கோபால்ட் கிடைத்தால் போதும். அது சாதாரண தாது உப்புக் கலவையிலேயே இருக்கிறது.

டாலி ஆடு கிழட்டு செல்லிலிருந்து வந்ததால்தானே சீக்கிரம் செத்தது?

இல்லை. டாலி என்பது நகலெடுத்து உருவாக்கிய செம்மறி, ஆறு வயது ஆட்டின் மடி செல்லிலிருந்து வந்தது உண்மை. 1996 ஜூலையில் பிறந்து 2003 பிப்ரவரியில் போனது, ஆனால் காரணம் வைரஸால் வந்த நுரையீரல் கட்டி. அதே செல் வரிசையிலிருந்து பிறகு பிறந்த நான்கு நகல் ஆடுகள் 7 முதல் 9 வயதிலும் நலமாகவே இருந்தன, 2016இல் அறிக்கை வந்தது.

ஒரு மாடு அதிகபட்சம் எத்தனை வருடம் இருக்கும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20. அயர்லாந்தில் பிக் பெர்த்தா என்ற பசு 1945இல் பிறந்து 1993 கடைசியில் இறந்தது, 39 கன்று போட்டதாம். உங்கள் மாட்டிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

சினை மாடு கோடையில் வெயிலில்தான் நின்றது, கன்றும் போட்டுவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா அண்ணா?

வயிற்றில் ஆனதை அழிக்க முடியாது. ஆனால் அப்படிப் பிறக்கும் கன்றுக்குச் சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சும் திறனும் குறைவு, அங்கே நீங்கள் செய்ய நிறைய இருக்கிறது. நஞ்சு விழும்வரை கறக்கக் கூடாது என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது, அதை விடுங்கள். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும், முதல் நாளுக்குள் 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டராவது. மடியைத் தேடி ஊட்டத் தெம்பில்லை என்றால் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுங்கள்.